திருப்பி மடித்த நீலச் சட்டை

அரசு அச்சகத்தில் எல்லோரும் அவரைக் கமா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சட்ட நகலில் ஒற்றைக் கமா இடம் மாறிக் கிடக்கிறது என்று, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்தச் சொல்லிக் கத்தினார். "இனிமே உன் பேரே கமாதான்யா" என்றார் மேற்பார்வையாளர் கடுப்போடு. முப்பத்தோரு வருடமாக அது ஒட்டிக்கொண்டுவிட்டது. இவருக்கும் அதில் வருத்தமில்லை. நல்ல வேளை, அன்றைக்கு ஆச்சரியக்குறி இடம் மாறிக் கிடக்கவில்லை.

வேலை பிழை திருத்துவது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது. எண்கள் நிறைந்த பக்கம் வந்தால் கமா கீழிருந்து மேலாகத்தான் போவார். ஒரு எஃகு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, வலமிருந்து இடமாக, ஒவ்வொரு இலக்கமாக மூலத்தோடு ஒப்பிடுவார். ஏன் இப்படித் தலைகீழாக என்று யாராவது கேட்டால், "நேரா படிச்சா அர்த்தம் புரிஞ்சிடும். அர்த்தம் புரிஞ்சா கண்ணு தானா முன்னாடி ஓடிடும். தப்பு பின்னாடியே நின்னுடும்" என்பார். அதனால்தான் பதினோரு பட்ஜெட்டுகளைத் திருத்தியும், ஒன்றில்கூட என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஊரே வாய் பிளந்து கேட்கும் செய்தி அவர் கைக்குள் வந்து போயிருக்கும். வீட்டுக்கு வந்து, "பட்ஜெட்ல என்னவாம்?" என்று அக்காவைக் கேட்பார்.

அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். இவரைவிட ஐந்து வயது மூத்தவர். இருவருக்குமே கல்யாணம் தட்டிப்போய், பிறகு தேவையில்லாமல் போய்விட்டது. மாடிப்படிக்குக் கீழே இருந்த இரண்டு அறை வாடகை வீட்டில் இருபத்தாறு வருடமாகச் சேர்ந்தே இருந்தார்கள். சேர்ந்தே என்று சொன்னாலும் அக்காவுக்கு ஒரு ஷிப்டு, தம்பிக்கு ஒரு ஷிப்டு. ஒருத்தர் வரும்போது இன்னொருத்தர் கிளம்பியிருப்பார். அதனால் வீட்டுச் சாமான்களே இருவருக்கும் நடுவே பேசின. அடுப்புப் பக்கத்தில் டம்ளர் கவிழ்ந்திருந்தால் பால் தீர்ந்துவிட்டது. செருப்பு குறுக்கே கிடந்தால் சாவி பக்கத்து வீட்டில். கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியில், தையலும் நூலும் வெளியே தெரியும்படி உள்பக்கத்தைத் திருப்பி ஒரு சட்டை தொங்கினால், ஏதோ சரியில்லை, உஷார். அந்தச் சட்டைக்கு இருபத்தாறு வருடத்தில் இரண்டே முறைதான் வேலை வந்தது. ஒருமுறை எரிவாயு கசிந்தபோது. இன்னொரு முறை வீட்டுக்காரர் வாடகையை ஏற்ற வந்து, மாடியில் காத்துக்கொண்டிருந்தபோது.

அந்த வீட்டுக்காரர்தான் இப்போது வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். முதலில் உங்களுக்குத்தான் கேட்பேன் என்றார், ரொம்பப் பெருந்தன்மையாக. அக்கா ஓய்வுபெற்ற நேரம் அது. அவருக்கு வந்த பணம், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது, தம்பி வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த கடன், எல்லாவற்றையும் வழித்துப் போட்டால் முன்பணம் போக மீதி நாற்பத்திரண்டு லட்சம் சரியாக வந்தது. பத்திரப் பதிவுக்கு நான்கு மாதம் இருந்தது. அதுவரை பணம் சும்மா கிடப்பானேன் என்று ஒரு முதலீட்டு ஏஜெண்ட் வந்து உட்கார்ந்தார். அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கும் ஃபண்டு, அதுவும் முப்பது வருடப் பத்திரங்கள், வங்கியைவிட ஒரு பிடி கூடவே தரும் என்றார்.

"என்னடா சொல்றே, போடலாமா?" என்று கேட்டார் அக்கா.

கமா செய்தித்தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "அரசாங்கத்துக்குத்தானே கடன் குடுக்கறோம்? அது எங்க ஓடிப் போயிடப் போகுது? போடுக்கா."

அந்தப் 'போடுக்கா'தான் பிறகு அவர் தொண்டையில் முள்ளாய்க் குத்திக்கொண்டு நின்றது.

பட்ஜெட் அச்சாகும்போது சம்பந்தப்பட்டவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்த வருடமும் வெள்ளிக்கிழமை உள்ளே போனால், அடுத்த வாரம் தாண்டி, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அமைச்சர் பேசி முடித்த பிறகுதான் வெளியே. கைபேசி கிடையாது. உள்ளே போகுமுன் ஒரு படிவத்தில், வீட்டில் இருப்பவர்களின் பெயர், வங்கிக் கணக்கு, முதலீட்டுக் கணக்கு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பட்ஜெட் முடிந்ததும் அந்தக் கணக்குகளைத் துருவுவார்கள். அமைச்சர் பேசுவதற்கு முன்னால், அந்தப் பத்து நாளில் யாராவது விற்றிருந்தால், வாங்கியிருந்தால், அவ்வளவுதான். வேலை போகும், ஓய்வூதியம் போகும், ஜெயிலும் உண்டு. கமா அக்காவின் ஃபண்டு எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது அக்கா, "புதன்கிழமை பதிவு. பணத்தை பட்ஜெட் அன்னிக்கே எடுத்துக்கறேன். இந்தத் தடவை அரசாங்கம் கடனைக் குறைக்கப் போகுதாம், பத்திர விலை ஏறுமாம், ஏஜெண்ட் சொன்னார். பதிவுச் செலவுக்கு ஆகும்ல?" என்றார்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு இவர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அச்சகத்தின் அடித்தளத்தில் சன்னல் கிடையாது. டியூப்லைட் வெளிச்சத்தில் காலையும் மாலையும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு வரிசையாகக் கட்டில்கள், நடுவே நீண்ட மேசைகள், மூலையில் மை நாற்றம். பக்கம் வடிவமைக்கும் பெண் ஒருத்தி கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாள். வாய் ஓயாது. வாசலில் பாதுகாப்பு அதிகாரி. உள்ளே வருகிற டீ ஃபிளாஸ்கைக்கூடத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார் என்பதால் அவருக்கு வடிகட்டி என்று பெயர். அவரைத் தாண்டி வெளியே போகிற ஒரே பொருள் அழுக்குத் துணிதான். வியாழக்கிழமை காலையில் பைகளை வேனில் ஏற்றி அவரவர் வீட்டில் கொடுத்து, துவைத்த துணியை வாங்கி வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாற்பத்தேழாம் பக்கம் கமாவின் மேசைக்கு வந்தது. அரசின் கடன் திட்டம். வழக்கம்போல ஸ்கேலைக் கீழ் வரியில் வைத்தார். இலக்கம் இலக்கமாக மேலே ஏறினார். பாதியில் கை நின்றது. அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. கடனைக் குறைக்கப் போகுதாம்.

முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக, அவர் ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார்.

சென்ற வருடம் நான்கு லட்சம் கோடி. வரும் வருடம் ஆறு.

முன்பக்கங்களையும் புரட்டினார். வருமான வரியில் சலுகை. மின் கட்டணத்தில் பாதியை அரசே ஏற்கும். புதிய சாலைகள், பாலங்கள். ஒவ்வொன்றும் கேட்கிறவர் கைதட்டுகிற செய்திதான். அவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வரும் என்ற பதில்தான் நாற்பத்தேழாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

விஷயம் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. அரசாங்கத்துக்கும் நம்மைப் போலவே கை கடிக்கும். கடித்தால் சந்தையில் போய்க் கடன் கேட்கும். கொஞ்சம் கேட்டால் கொஞ்ச வட்டிக்குக் கிடைக்கும். திடீரென்று ஒன்றரை மடங்கு வேண்டும் என்றால், கொடுக்கிறவர்கள் கூடுதல் வட்டி கேட்பார்கள். புதுப் பத்திரம் ஏழரை வட்டி தரும்போது, ஏழு வட்டி தருகிற பழைய பத்திரத்தை முழு விலைக்கு எந்த ஏமாளி வாங்குவான்? விலையைக் குறைத்தால்தான் வாங்குவான். பத்திரத்துக்கு எத்தனை வருட ஆயுள் மிச்சமோ அவ்வளவுக்கு விலையும் சரியும், ஏனென்றால் அத்தனை வருடமும் குறைந்த வட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். அக்காவின் ஃபண்டில் இருந்தது முப்பது வருடப் பத்திரங்கள். புதுக் கடன் ஒரு காசு வாங்குவதற்கு முன்பே, செய்தி காதில் விழுந்த அந்த நிமிடமே சந்தை விலையைக் குறைத்துவிடும். கமாவுக்கு இதெல்லாம் தெரியும். இத்தனை வருடம் நிதித்துறைக் காகிதங்களோடு குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்ததை நினைக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

 திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்த எண் வெளியே வரும். அன்றைக்கு மத்தியானம் அக்கா போய்ப் பணத்தை எடுப்பார். நாற்பத்திரண்டு இருக்காது.

"என்ன சார், முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் பக்கம் வடிவமைக்கும் பெண். "தப்பு ஏதாவது கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றார். அதுதான் பிரச்சினையே. ஓர் எழுத்துத் தப்பில்லாமல் இருந்தது அந்தப் பக்கம்.

அன்றும் மறுநாளும் அவர் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தார். காய்ச்சல் என்று சொல்லி டாக்டரைக் கூப்பிடலாமா? டாக்டரும் வடிகட்டியின் எதிரில்தான் நாடி பார்ப்பார். அக்காவுக்கு நெஞ்சுவலி என்று எதையாவது கட்டிவிடலாமா? நினைத்ததற்கே நாக்கைக் கடித்துக்கொண்டார். புதன்கிழமை மத்தியானம், கட்டிலுக்கு அடியில் கிடந்த அழுக்குத் துணிப்பை கண்ணில் பட்டது. அதில் மேலாக அவருடைய நீலச் சட்டை ஒன்று இருந்தது.

பையை இழுத்து, சட்டையை வெளியே எடுத்தார்.

சீட்டு வேண்டாம், எழுத்து வேண்டாம். சட்டையைத் திருப்பி மடித்து வைத்தால் போதும். எந்த வடிகட்டி வடிகட்டினாலும் அதில் ஒன்றும் சிக்காது. உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அதைப் படிக்கத் தெரியும். வியாழன் காலை பை வீட்டுக்குப் போகும். அன்றைக்கே அக்கா பணத்தை எடுத்துவிடுவார். வீடு கைக்கு வரும்.

பிறகு? பிறகு படிவத்தில் எழுதிக் கொடுத்த அந்த எண்ணைத் துருவுவார்கள். துருவாமலும் போகலாம். அக்காவுக்குப் புதன்கிழமை பதிவு, அதனால் எடுத்தார் என்று சொன்னால் நம்புவார்கள். நம்பாமலும் போகலாம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஃபண்டில் அக்காவைப் போலவே எத்தனையோ பேர் பணம் போட்டிருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் அச்சகத்தில் தம்பி கிடையாது. அக்கா தப்பித்து விற்கிற பத்திரத்தை, ஒன்றும் தெரியாத இன்னொரு ஆள் தலையில்தான் கட்ட வேண்டும்.

வியாழக்கிழமை காலை எழுந்ததும் சட்டையைத் திருப்பினார். தையல் வெளியே தெரிய, மடித்துப் பைக்குள் மேலாகவே வைத்தார். பையோடு வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நான்கு பேர். பிறகு மூன்று. இரண்டு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு விலகி, கட்டிலில் வந்து உட்கார்ந்து, சட்டையை உருவி நேராக்கி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு மடித்தார். 

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருந்த, பக்கம் வடிவமைக்கும் பெண் சிரித்துவிட்டாள். "அழுக்குத் துணியைக்கூட இஸ்திரி போட்டுத்தான் அனுப்புவீங்களா சார்? பொத்தான் வேற போடறீங்க!"

"பழக்கம்மா" என்றார் கமா. பையை வடிகட்டியின் மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார். வடிகட்டி எல்லாப் பைகளையும் சேர்த்து உள் அறைக்கு எடுத்துப் போனார்.

நேர்மை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட ஆசைதான். ஆனால் பயமும் அதில் சரிபாதி இருந்தது. எது எவ்வளவு என்று கமாவுக்கே தெரியாது. படுக்கையில் குப்புறப் படுத்து, "மன்னிச்சிடுக்கா" என்று தலையணையிடம் சொன்னார். அழுகை வந்தது. ஐம்பத்து நாலு வயதில், மை நாற்றத்துக்கு நடுவில், சத்தம் வராமல் அழுதார்.

திங்கட்கிழமை வந்தது. பத்து நாளுக்குப் பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியைப் போட்டார்கள். கதவு மட்டும் இன்னும் பூட்டியே இருந்தது. அமைச்சர் பேசினார். வரிச் சலுகைக்கு மேசையைத் தட்டினார்கள். சாலைகளுக்கும் தட்டினார்கள். ஆறு லட்சம் கோடி என்ற இடம் ஒரு மூச்சில் தாண்டிப் போனது. அதற்கு யாரும் தட்டவில்லை. ஆனால் திரையின் அடியில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு வரி அதைக் கேட்டுவிட்டது. பத்து நிமிடத்தில் முப்பது வருடப் பத்திரத்துக்கு வட்டி கால் சதவீதம் ஏறியது. பேச்சு முடிவதற்குள் அரை. சிமெண்ட் கம்பெனிப் பங்குகள் துள்ளிக்கொண்டு மேலே போக, கடன் பத்திரங்கள் சரிந்துகொண்டே போயின. தொலைக்காட்சியில் விளக்கம் சொல்ல வந்த ஒருத்தர், "சந்தை இதை எதிர்பார்க்கவில்லை" என்று நான்காவது முறையாகச் சொன்னார்.

கமா கையைப் பிசைந்துகொண்டே மனக்கணக்குப் போட்டார். இரண்டு, இரண்டரை லட்சம் போயிருக்கும்.

ஒன்றரை மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வாசலில் கடைசிச் சோதனை. வடிகட்டி இவருடைய துணிப்பையை மேசையில் கொட்டினார். ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தார். பொத்தான்களைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பினார். காலர் தையல், கை தையல், ஓரத்து மடிப்பு என்று விரலால் நீவிப் பார்த்தார். அப்படியே, திருப்பியது திருப்பினபடியே, அழகாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

கமா மேசைப் பக்கம் குனிந்தார். "சார்... போன வருஷமெல்லாம் பாக்கெட் மட்டும்தானே பாப்பீங்க?"

"இந்த வருஷம் புது உத்தரவு சார். தையலுக்குள்ள சீட்டு வெச்சுத் தெச்சு அனுப்பறாங்களாம் எங்கயோ. வியாழக்கிழமையிலேர்ந்து எல்லாத் துணியும் இப்படித்தான்."

"எல்லாமா? எங்க வீட்டுக்குப் போன பையுமா?"

"உங்களுக்கு மட்டும் தனி உத்தரவா போடுவாங்க?" என்று சிரித்தார் வடிகட்டி. "பொத்தானெல்லாம் போட்டு அனுப்பியிருந்தீங்களே, அதைக் கழட்டறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்காவைக் கூப்பிட விரல் போனது. போன் பேச்சும் பதிவாகுமோ என்று பயந்து, பையில் போட்டுக்கொண்டார். பேருந்துக்கு நிற்கப் பொறுமை இல்லை. நடந்தார். கடைத்தெருவில் மின்கட்டணம் பாதியானதைப் பற்றி இரண்டு பேர் உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கமாவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. சட்டை போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்கா பார்த்திருப்பார். வியாழக்கிழமையே பணத்தை எடுத்திருந்தால் வீடு கிடைக்கும், ஆனால் துருவுகிறவர்கள் நாளைக்கே வாசலில் வந்து நிற்பார்கள். நான் அனுப்பவில்லை, பாதுகாப்பு அதிகாரிதான் திருப்பினார் என்று சொன்னால் சிரிப்பார்கள். எடுக்காமல் இருந்தால் இவர் தப்பித்தார், வீடு போயிற்று. இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? தெருமுனை வரும்வரை அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

கதவு திறந்திருந்தது. அதற்குப் பின்னால் கொக்கியில் நீலச் சட்டை தொங்கியது. துவைத்து, காய வைத்து, தையல் வெளியே தெரிய மாட்டியிருந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பை மடியில். வெளியே போய்விட்டு இப்போதுதான் வந்தவர் மாதிரி.

"எடுத்துட்டியாக்கா?" வாசலிலேயே நின்று கேட்டார் கமா.

"இப்பத்தான் எழுதிக் குடுத்துட்டு வரேன். கூட்டத்தோட கூட்டமா. எல்லாரும் அடிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. இன்னிக்கு விலைக்குத்தான் கிடைக்கும். நாப்பது வரும்னு சொன்னாங்க. கொஞ்சம் முன்னே பின்னே."

"வியாழக்கிழமை..."

"வியாழக்கிழமை நாப்பத்திரண்டரைக்கு மேல இருந்துச்சு." அக்கா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பணம் எடுக்கும் படிவம். புதன்கிழமைத் தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தது. "அந்த ஏஜெண்ட் ஏறும் ஏறும்னு ஒண்ணுக்குப் பத்தா அளந்தப்பவே எனக்கு சந்தேகம். பேராசை வேணாம், இருக்கறதை எடுத்துடலாம்னு புதன்கிழமையே எழுதி வெச்சுட்டேன். வியாழக்கிழமை காலைல செருப்பைப் போடறேன், வேன் வந்து நிக்குது. பையைத் திறந்தா மேலயே உன் சட்டை. திருப்பி மடிச்சு."

கமா திரும்பிக் கொக்கியைப் பார்த்தார்.

"முதல்ல உனக்குத்தான் உடம்பு சரியில்லையோன்னு பதறிட்டேன். அச்சகத்து வாசலுக்குப் போன் பண்ணினேன். நல்லா இருக்கார்மான்னு சொன்னாங்க. அப்புறம் வேற என்ன அர்த்தம் இருக்கு? பணத்துக்குத்தான் ஆபத்துன்னு புரிஞ்சுபோச்சு." அக்கா நிறுத்தி, மூச்சு வாங்கினார். "புரிஞ்சதுக்கப்புறம் எப்படிடா எடுக்கறது? நேத்தே எழுதினதுன்னு நான் சொன்னா யார் நம்புவாங்க? அதை விடு. எனக்குத் தெரியும்ல, தெரிஞ்சுதான் எடுத்தேன்னு? நீ ஜெயிலுக்குப் போயி நான் சொந்த வீட்டுல உக்காந்திருக்கறதா? நாலு நாளா இந்தப் படிவத்தைக் கைல வெச்சுக்கிட்டு இந்த நாற்காலியிலதான் இருந்தேன்."

சட்டை வராமல் இருந்திருந்தால், புதன்கிழமை எழுதின படிவத்தை வியாழக்கிழமையே கொடுத்துவிட்டு, ஒரு பாவமும் அறியாமல், முழுப் பணத்தோடு அக்கா திரும்பி வந்திருப்பார். யார் துருவினாலும் மடியில் கனமில்லை. கமா அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பிழை பார்க்காத ஒரு காகிதம்.

அக்கா எழுந்து வந்து தம்பியின் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "போனா போகுதுடா. வீடு போனா போகுது. எனக்காக நீ அவ்வளவு தூரம் துணிஞ்சியே. கமா இடம் மாறினாலே தூங்காத ஆளு நீ. அது போதும் எனக்கு."

பேசாமல் இருந்திருக்கலாம். எந்தத் தம்பியும் இருந்திருப்பான். அக்காவுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு ஆறுதல்தான், அதற்கு இவர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். ஆனால் ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்திய ஆள் அல்லவா?

"நான் அனுப்பலக்கா."

"என்னது?"

"நேராத்தான் மடிச்சேன். பொத்தான் போட்டு. சோதனை பண்றவர் தையலைப் பாக்கறதுக்குத் திருப்பி, அப்படியே வெச்சுட்டார். எல்லார் துணியையும்."

அக்காவின் கை தோளிலேயே இருந்தது. மெல்ல எடுத்துக்கொண்டார். "அப்போ உனக்குத் தெரியாதா, விலை விழும்னு?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"செவ்வாய்க்கிழமை."

"சட்டையை அனுப்பலாம்னு தோணவே இல்லையா?"

"தோணிச்சு. திருப்பித்தான் முதல்ல மடிச்சேன். வரிசையில நின்னேன். அப்புறம் பிரிச்சு நேராக்கிட்டேன்."

அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் சிரித்தார், ஒரு மாதிரி, மூச்சு இழுப்பது போல. பிறகு, "பாவி!" என்றார். "சண்டாளா! கூடப் பிறந்தவ தெருவுல நின்னாலும் பரவாயில்லன்னு பொத்தான் போட்டியா நீ? நான் உன்னைக் காப்பாத்தறேன்னு படிவத்தை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ அங்க பொத்தான் போட்டுக்கிட்டு இருந்தியா?" கைப்பையை எடுத்து அவர் மேல் எறிந்தார். அது மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. கமா நகரவில்லை. அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு நேரம் என்று இருவருக்குமே தெரியாது. மாடியில் வீட்டுக்காரர் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க இருவரும் அலைந்தார்கள். ஆஸ்பத்திரித் தோழிகள், அச்சகத்துக் கூட்டுறவுச் சங்கம், யார் யாரோ. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் புரண்டது. இன்னும் எண்பதாயிரம் துண்டு விழுந்தது. வீட்டுக்காரருக்கு இன்னொருத்தர் கூடுதல் விலை சொல்லியிருந்தார். புதன்கிழமை நான்கு மணிவரை ரொம்பப் பெருந்தன்மையாகக் காத்திருந்துவிட்டு, நான்கு ஐந்துக்கு அவரோடு கையெழுத்துப் போட்டார். கணக்குகளைத் துருவினவர்கள், அக்காவின் கணக்கில் தப்பாக ஒன்றும் இல்லை என்று எழுதி மூடினார்கள். இருவரும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஓர் அறை வீட்டுக்கு மாறினார்கள். அங்கே கதவுக்குப் பின்னால் கொக்கி அடிக்க இடம் இல்லை.

அடுத்த வருடமும் கமாவின் பெயர் பட்ஜெட் பட்டியலில் வந்தது. கிளம்புகிற அன்று காலையில் அக்கா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை சாயம் போயிருந்தது. அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, நிமிராமலே கேட்டார்.

"இந்தத் தடவையும் ஏதாவது தெரிஞ்சா சொல்ல மாட்டியா?"

"அக்கா..."

"நான் ஒரு காசு எடுக்க மாட்டேன்டா. சத்தியமா. எடுக்க என்ன இருக்கு இப்போ? சும்மா எனக்குத் தெரிஞ்சா போதும்."

கமா துணிப்பையை எடுத்து அக்காவின் பக்கத்தில் வைத்தார். "சொல்ல மாட்டேன்கா" என்றார்.

"தெரியும்" என்றார் அக்கா. சட்டையை நேராக மடித்து, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு, பைக்குள் மேலாக வைத்தார்.